சுண்ணாம்புத் தண்ணிக்காரன்

டாக்டரிடம் நோயாளி பொய் சொல்வான், வக்கீலிடம் கட்சிக்காரன் பொய் சொல்வான். கெட்ட தண்ணியைச் சுத்தம் செய்கிற எங்கள் தொழிலில் தண்ணி ஒருநாளும் பொய் சொல்லாது, ஆனால் அதை ஒருத்தரும் நம்ப மாட்டார்கள்.

வீடு வீடாக மீட்டர் பார்க்கப் போகிறவர்கள், ரேஷன் கடையில் எடை போடுகிறவர்கள், கேஸ் சிலிண்டர் தூக்கிக்கொண்டு மாடி ஏறுகிறவர்கள், உங்களுக்கெல்லாம் நான் விளக்கவே வேண்டாம். நாம் வாசலில் போய் நின்றதும் எதிரே நிற்கிறவர் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பாரே, அந்தச் சுருக்கம் தெரிந்தவர்கள் நீங்கள். மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

எனக்குக் கதை சொல்லி வளர்த்தவர்கள் எதையும் 'ஒரு ஊர்ல' என்றுதான் ஆரம்பிப்பார்கள். அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஊர்ல, கடலூருக்கு மேற்கே, முந்திரித் தோப்புகளுக்கு நடுவே, ஒரு பழைய சோதனைச் சுரங்கம். இன்றைக்கு ஓடுகிற எந்தச் சுரங்கத்தோடும் அதற்குச் சம்பந்தமில்லை. பழுப்பு நிலக்கரி இருக்கிறதா பார்க்கிறேன் என்று எந்தக் காலத்திலோ ஒரு கம்பெனிக்காரர் மண்ணுக்குள் சரிவாகத் தோண்டிக்கொண்டே போயிருக்கிறார். அடியில் ஊற்று பொங்கியிருக்கிறது. போட்டது போட்டபடி கிடக்க, ஆள் ஓடிவிட்டார். ஊற்றும் அன்றைக்கு ஓட ஆரம்பித்ததுதான், இன்னும் நிற்கவில்லை.

கரியை உரசிக்கொண்டு வருகிற தண்ணி புளிப்பாக வரும். இரும்பைக் கரைத்துக்கொண்டு வரும். வெளிக்காற்று பட்டதும் துருப்பிடித்துச் செவந்துபோகும். அந்தச் செவந்த தண்ணிதான் இத்தனை வருஷமும் ஊர் ஏரிக்குள் போய் அதைக் கெடுத்துக்கொண்டிருந்தது. எங்கள் வேலை, சுரங்க வாயில் அதைப் பிடித்து, சுண்ணாம்புக்கல் நிரப்பிய கால்வாயில் ஓடவிட்டுப் புளிப்பை எடுத்து, படிப்படியாகக் குதிக்கவிட்டுக் காற்றுப் படவைத்து, ஒரு குட்டையில் நிறுத்தித் துருவைப் படியவைத்து, சம்பங்கோரைக்குள் வடியவிட்டு, தெளிந்த தண்ணியாக ஏரிக்கு அனுப்புவது. நானும் ஆரோக்கியதாஸ் அண்ணனும் பார்க்கிறோம். அண்ணன் கடலூர் முதுநகர். மடை, கால்வாய், மோட்டார் எல்லாம் அவர் பொறுப்பு. நான் சிதம்பரத்துப் பக்கம். மீட்டரும் பாட்டிலும் என் பொறுப்பு. ஊரில் வாங்கிக் கட்டிக்கொள்வதும் என் பொறுப்புதான், ஏனென்றால் எனக்குச் சத்தமாகப் பேச வராது.

வெண்ணெய் எங்கே போச்சு

வேலை தொடங்கும்போது ஊர்க்கூட்டம் போட்டார்கள். விளக்கிச் சொல்லச் சொல்லி என்னை எழுப்பிவிட்டார்கள். நான் எழுந்து, "பயப்படாதீங்க, உங்க தண்ணிக்குச் சுண்ணாம்புதான் வைக்கப் போறோம்" என்றேன். கூட்டம் கப்பென்று அடங்கியது. நல்லா விளங்கிக்கொண்டார்கள் என்று நினைத்து உட்கார்ந்துவிட்டேன்.

முன்வரிசையில் கலியபெருமாள் மாமா இருந்தார். எனக்கு உறவில்லை, அந்த ஊரில் அந்த வயசுக்காரர் எல்லாரும் மாமாதான். ஏரிக்குப் போகிற ஒரே வாய்க்காலில் முதல் வயல் அவருடையது. அவர் தலையாட்டினால் ஊர் தலையாட்டும். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து நிதானமாகக் கேட்டார்: "ஒரு கண்ணுக்குச் சுண்ணாம்பு எங்களுக்குன்னு சொல்லிட்ட. அந்த இன்னொரு கண்ணுக்கு வெண்ணெய் எந்த ஊருக்குத் தம்பி போவுது?"

அளக்க வந்தவன்

வேலை முடிந்து முதல் தண்ணியைத் திறந்துவிட்ட அன்றே வாய்க்காலில் மணல் மூட்டைகள் முளைத்துவிட்டன. அடுக்கினவர் கலியபெருமாள் மாமா. தண்ணி மூட்டையில் முட்டி, பின்வாங்கி, எங்கள் குட்டையில் ஏற ஆரம்பித்தது.

மழைக்காலத்துக்குள் அந்த மூட்டையை எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பது எங்களுக்குத் தெரியும். குட்டை கரையைத் தாண்டும். அடியில் படிந்திருக்கிற துரு அத்தனையும் கலங்கி முந்திரித் தோப்புகளுக்குள் பாயும். அதன்பிறகு இந்த வேலைக்கு ஒரு பூட்டு, எங்களுக்கு ஒரு கும்பிடு, பழையபடி செவந்த தண்ணி ஏரிக்கு. இதை அவரிடம் போய்ச் சொன்னேன். களை பிடுங்கிக்கொண்டே கேட்டார்.

"இத்தினி வருசம் நாங்க கெட்ட தண்ணியில கெடந்தோம். ஒருத்தனும் எட்டிப் பாக்கல. இப்ப திடீர்னு வந்து கழுவித் தொடச்சிக் குடுக்குறீங்க. ஏன்?"

"ஏரி நல்லாவணும்னுதான் மாமா."

"வித்துட்டுப் போறவன்தான் தம்பி வூட்டுக்கு வெள்ளையடிப்பான். தண்ணியச் சுத்தம் பண்ணிட்டு, பின்னாலயே சங்கிலியப் புடிச்சிக்கினு நெலத்த அளக்க வருவீங்க. சுரங்கத்த மறுபடி தொறக்கப் போறீங்க, அவ்ளோதான?"

இல்லை என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். சத்தியம்கூடப் பண்ணினேன். அவர் பிடுங்கிய களையை வரப்பில் உதறிவிட்டுச் சொன்னார்: "நீ நல்ல புள்ளதான். அதான் உன்ன அனுப்பியிருக்காங்க."

கயிறும் பாம்பும்

ஊர் முனையில் ஜெயக்கொடி அக்காவின் டீக்கடை. எனக்குப் பேச வராவிட்டால் தண்ணியே பேசட்டும் என்று, கோரையைத் தாண்டி வந்த தண்ணியை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்துக்கொண்டு போய் மேசைமேல் வைத்தேன். பாட்டிலுக்குப் பின்னாலிருந்த விலைப்பட்டியலை அதன் வழியாகவே படிக்கலாம், அவ்வளவு தெளிவு. டீ குடித்துக்கொண்டிருந்த நாலு பேரும் டம்ளரோடு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்கள்.

"நல்லாத்தானே இருக்குது அக்கா, பாருங்க."

அக்கா வடிகட்டியைத் தட்டிவிட்டு எட்டிப் பார்த்தார். பாட்டிலைத் தொடவில்லை. "கலர் எங்க?" என்றார். எடுத்துவிட்டோம் என்றேன். "எடுத்து எங்க வெச்சிருக்கீங்க?" என்றார். குட்டையில் என்றேன். "அப்ப அது இன்னும் இங்கதான் இருக்குது" என்று எல்லாரையும் ஒருதரம் பார்த்தார். எல்லாரும் ஆமாம் என்பதுபோல் டீயை உறிஞ்சினார்கள். பிறகு எனக்கு ஒரு டீ போட்டுக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "செவப்பா வந்தப்ப பாம்புன்னு தெரிஞ்சி ஒதுங்கிப் போனோம். இப்ப கயிறு மாரி வருது. கயிறுன்னு நம்பித் தொட்டவன்தான் தம்பி கடிபட்டுச் செத்தான்."

மாடு சொன்ன சாட்சி

மீட்டர் பொய் சொல்லும், மாடு சொல்லாது என்று ஊரில் முடிவாயிற்று. ஒரு நல்ல நாள் காலையில் கலியபெருமாள் மாமா தன் கறவை மாட்டை ஓட்டிக்கொண்டு வந்தார். பின்னால் ஊரில் பாதி. எங்கள் மடையோரம் வட்டமாக நின்றுகொண்டார்கள். மாடு தண்ணியைப் பார்த்தது, கூட்டத்தைப் பார்த்தது, ஆரோக்கியதாஸ் அண்ணன் போட்டிருந்த மஞ்சள் சட்டையைப் பார்த்தது, திரும்பி நின்றுகொண்டது. கூட்டத்தில் ஒரு பெருமூச்சு. தீர்ப்பு வந்துவிட்டது.

அண்ணன் விடுகிறவர் இல்லை. "கெளம்பறதுக்கு முன்னாடி வூட்டுல அதுக்கு என்னா குடுத்தீங்க?" என்று கேட்டார். தவிட்டைக் கரைத்து ஒரு அண்டா கழனித்தண்ணி காட்டினது மெள்ள மெள்ள வெளியே வந்தது. "வயிறு முட்டக் குடிச்சிட்டு வந்த மாடு இதை எப்படிய்யா குடிக்கும், அதுக்கு என்னா வேண்டுதலா?" என்றார் அண்ணன். நாலு பேர் சிரித்துவிட்டார்கள். கலியபெருமாள் மாமா மட்டும் சிரிக்கவில்லை. மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே சொன்னார்: "அந்தத் தண்ணியக் காட்டுனது யாருன்னு அதுக்குத் தெரியும். இத யாரு காட்டுறான்னு அதுக்கும் தெரியல, எனக்கும் தெரியல."

சுரங்கத்தில் வெந்தயம்

அதற்கப்புறம் அவர்களாகவே ஒரு காரியம் செய்தார்கள். எங்களுக்குத் தெரியாமல் மடையில் தண்ணி பிடித்து, சிதம்பரத்தில் ஒரு சோதனைக்கூடத்தில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார்கள். முடிவு வந்தது. தண்ணியில் புளிப்பு உண்டு, உப்பு ரொம்ப ஜாஸ்தி, எதற்கும் உதவாது. மறுநாள் காலையில் எங்கள் கொட்டகை வாசலில் கூட்டம். அன்றைக்குத்தான் எனக்கே என்மேல் சந்தேகம் வந்தது. மீட்டரைக் கழுவிக் கழுவி வைத்துப் பார்க்கிறேன், எல்லாம் சரியாகக் காட்டுகிறது. உப்பு எங்கிருந்து வரும்? எங்கள் சுரங்கம் என்ன, பரங்கிப்பேட்டைக் கடலிலா திறக்கிறது?

பஸ் ஏறிச் சிதம்பரம் போனேன். சோதனைக்கூடத்துப் பையன் மிச்சமிருந்த பாட்டிலை எடுத்து வந்து காட்டி, "சார், தப்பா நெனைக்காதீங்க, ஒங்க சுரங்கத்துல வெந்தயம் வெளையுதா?" என்றான். அடியில் ரெண்டு வெந்தயம் படுத்திருந்தது. மூடியைத் திறந்து மோந்து பார்த்தேன். நல்ல எலுமிச்சங்காய் ஊறுகாய்.

பாட்டிலைக் கையோடு வாங்கி வந்து ஊரில் காட்டினேன். எல்லார் மூக்குக்கும் ஒரு சுற்று வந்தது. எல்லாரும் ஊறுகாய்தான் என்று ஒப்புக்கொண்டார்கள். கலியபெருமாள் மாமா மட்டும் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பாட்டில நல்லாக் கழுவித்தான் எடுத்தோம். அதுவும் ஒங்க தண்ணியிலதான் கழுவுனோம்."

காவி திருடன்

இதுவரைக்கும் அவர்கள் எங்களைச் சந்தேகப்பட்ட கதை. நாங்கள் என்ன யோக்கியமா?

குட்டையில் படிகிற துருவை வழித்து, வெயிலில் பரப்பிக் காயவைப்போம். காய்ந்தால் நல்ல காவிப்பொடி. ஆடி பிறந்த வாரத்தில் அது குறைய ஆரம்பித்தது. யாரோ அள்ளிக்கொண்டு போகிறார்கள். ஊரில் சாட்சிக்குச் சேர்க்கிறார்கள், கலெக்டர் ஆபீசில் கொண்டுபோய்க் கொட்டப் போகிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. ஆரோக்கியதாஸ் அண்ணனுக்கோ என்மேல் ஒரு கண். "தம்பி, நீ சைடுல எதுனா பிசினஸ் பண்றியா? பண்ணா சொல்லிட்டுப் பண்ணு" என்று ரெண்டு தரம் கேட்டார். மூணாம் தரம் கேட்கவில்லை. எனக்குத் தெரியாமல் என் பையைத் திறந்து பார்த்துவிட்டார்.

சிந்திக்கிடந்த பொடியைப் பிடித்துக்கொண்டே போனேன். சாலையைத் தாண்டி, ஏரிக்கரை ஏறி, மாரியம்மன் கோயில் மதில்சுவரில் போய் முடிந்தது. திருவிழாவுக்குப் பட்டை அடித்திருந்தார்கள். வெள்ளை ஒன்று, காவி ஒன்று, வெள்ளை ஒன்று, காவி ஒன்று. காவி எங்களுடையது. தென்னமட்டையால் அடித்துக்கொண்டிருந்தவர், கையெல்லாம் துருவாக, கலியபெருமாள் மாமா.

என்னைப் பார்த்து அவர் மறைக்கவும் இல்லை, அசடு வழியவும் இல்லை. "கடைக் காவி ஒரு மழைக்கு நிக்காது. இது கப்புனு புடிக்குது" என்றார். நான் எனக்கு வருகிற குரலில் கேட்டேன், "இதே தண்ணியில வந்ததுதான மாமா. ஆத்தா செவுத்துக்கு ஆவுது, வயலுக்கு ஆவாதா?"

அவர் அடுத்த பட்டையை அடித்தார். முடித்துவிட்டு மட்டையைச் சட்டியில் வைத்துச் சொன்னார்: "ஆத்தா எதையும் தாங்குவா தம்பி. என் நாத்து தாங்குமா?"

நண்டு

ஆடி போய் ஆவணி வந்தது. மழை வரவில்லை. சம்பாவுக்கு விதைவிட்ட நாற்றங்கால்கள் வெடிக்க ஆரம்பித்தன. கலியபெருமாள் மாமாவின் போர்வெல்லில் தண்ணி இறங்கி, மோட்டார் காற்றைத்தான் இறைத்தது. ஒரு பக்கம் அவர் நாற்று நுனி மஞ்சளாகிறது, வரப்புக்கு அந்தப் பக்கம் எங்கள் தண்ணி மூட்டையில் முட்டிக்கொண்டு பளபளவென்று நிற்கிறது. எங்கள் குட்டையோ கரை விளிம்புக்கு வந்துவிட்டது. இனி ஒரு கனமழை தாங்காது. அவருக்கு மழை வராததால் பயம், எங்களுக்கு மழை வந்துவிடுமோ என்று பயம். மூட்டையை நாங்களே எடுத்துவிடலாம் என்றார் அண்ணன். நான் வேண்டாம் என்றேன். நாம் எடுத்தால் அது நம் தண்ணி, அவர் எடுத்தால்தான் ஊர்த் தண்ணி. "பேசிக்கினே இரு. குட்டை ஒடையும்போது அதுகிட்டயும் பேசு" என்றார் அண்ணன்.

ஒரு காலையில் போய்ப் பார்த்தால் குட்டை சாண் அளவு இறங்கியிருந்தது. கரை உடைந்துவிட்டதோ என்று ஓடினேன். கரை சரியாக இருந்தது. வாய்க்காலில் மூட்டைகளும் அடுக்கினபடி இருந்தன. ஆனால் மூட்டைக்குப் பக்கத்தில், வரப்பு ஓரமாக, கைநுழைகிற அளவுக்கு ஒரு பொத்தல். அதன் வழியாகத் தண்ணி ஓடியது. ஓடினது எங்கே என்றால், வேறு எங்கேயும் சிந்தாமல், நேராக மாமாவின் நாற்றங்காலுக்கு. நாற்று முழுக்கக் குளித்துவிட்டு நின்றது.

வரப்பில் மாமா குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மண்வெட்டி. அதற்குள் டீக்கடைக் கூட்டமும் வந்து சேர்ந்துவிட்டது. ஜெயக்கொடி அக்காதான் கேட்டார், "என்னா மாமா, நீங்களே தொறந்துக்கினீங்களா?"

"நான் ஏன் தொறக்கறேன்? நண்டு வளை போட்டுடுச்சி."

"நண்டா?"

"வரப்பு பூரா வளைதான். பாரு, அங்க ஒண்ணு, இங்க ஒண்ணு. நான் என்னா பண்ணுவேன்?"

எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "மாமா, இந்த வாய்க்கால்ல முன்ன நண்டு இருந்துதா?" என்று கேட்டேன்.

"ஏது? அந்தப் புளிச்ச தண்ணியில நண்டு எங்கருந்து—" என்று சொல்லிக்கொண்டே வந்தவர் வாயை மூடிக்கொண்டார். வாய்க்காலைப் பார்த்தார். கூட்டமும் பார்த்தது. அவர் சொன்னது பொய்தான், அந்தப் பொத்தல் மண்வெட்டிப் பொத்தல்தான். ஆனால் அவர் கைகாட்டின இடத்தில், வரப்புச் சேற்றில், நிஜமாகவே ரெண்டு வளை இருந்தது. ஒன்றின் வாயில் ஒரு நண்டு, கொடுக்கைத் தூக்கிக்கொண்டு, எங்கள் எல்லாரையும் சந்தேகமாகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது.

மாமா எழுந்தார். மேல்மூட்டையைத் தானே இழுத்துப் போட்டார். அண்ணன் இறங்கி அடுத்ததைப் பிடித்தார். டீக்கடைக்காரர்கள் வேட்டியை மடித்துக் கட்டினார்கள். வாய்க்கால் ஏரியைப் பார்க்க ஓடியது. ஜெயக்கொடி அக்கா என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, ஊருக்கே கேட்கிற மாதிரி மெதுவாக மாமாவிடம் சொன்னார்: "நண்ட இவுங்கதான் வாங்கியாந்து உட்டிருப்பாங்க, எதுக்கும் கேட்டுவெய்ங்க மாமா."

காலை போன்

வாய்க்கால் திறந்தபிறகு மழை வந்தது. குட்டை தாங்கியது. நாற்றைப் பறித்து நட்டார்கள், நட்டது பச்சை பிடித்தது. சுரங்கத்தைத் திறக்க யாரும் வரவில்லை, நிலத்தை அளக்கவும் வரவில்லை. இனிமேல் நிம்மதி என்று நானும் அண்ணனும் நினைத்தோம்.

பயிர் கதிர் வாங்குகிற சமயம். மழை ஓய்ந்துவிட்டது. ஒருநாள் அண்ணன் சுண்ணாம்புக்கல்லில் அடைத்திருந்த சேற்றைக் கழுவ, தண்ணியைக் கொஞ்சநேரத்துக்குப் பாதியாகக் குறைத்தார். நான் பல்லுகூடத் தேய்க்கவில்லை, போன் வந்தது. கலியபெருமாள் மாமா. எடுத்ததும் மூச்சு மட்டும் கேட்டது. பயிர் கருகிவிட்டதோ, மாடு செத்துவிட்டதோ, என்ன பழி வரப்போகிறதோ என்று நிற்கிறேன். பிறகு அவர் குரல், கூட்டத்தில் முதல்நாள் கேட்ட அதே நிதானத்தோடு வந்தது: "வாய்க்கால்ல தண்ணி கொறையுதே தம்பி. எங்க தண்ணிய எந்த ஊருக்குத் திருப்பி உட்டீங்க?"

அன்றையிலிருந்து எங்கள் தண்ணி நல்லாயிருக்கிறதா என்று தெரிந்துகொள்ள நான் மீட்டரைப் பார்ப்பதைக் குறைத்துக்கொண்டு, மாமா இன்றைக்கு என்ன குற்றம் சொல்கிறார் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.